ஓரா மீன்: அடையாளம் காண்பதும் முள் படாமல் கையாள்வதும்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கம் மீன் வாங்குகிறவர்களுக்கு ஓரா புதிய மீன் அல்ல. மன்னார் வளைகுடாவில் கூடு வைத்துப் பிடிக்கும் மீன்களில் அதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. துபாயிலும் அபுதாபியிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதே மீனை 'சாஃபி' என்று கேட்டு வாங்குகிறார்கள். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு நெருங்கினால் சினை பிடித்த ஓராவின் விலை ஏறிவிடும். ஆங்கிலப் பலகை வைத்த கடைகளில் ராபிட்ஃபிஷ் என்று எழுதியிருக்கும். இவ்வளவு பேர் வாங்கிச் சமைக்கும் மீனின் உடம்பில் 24 விஷ முட்கள் இருக்கின்றன என்பது மட்டும், கடற்கரைக்கு வெளியே வளர்ந்த பலருக்குத் தெரிவதில்லை.

அதற்காகப் பயந்து ஒதுக்க வேண்டிய மீன் அல்ல இது. பாசியையும் கடற்புல்லையும் மேய்ந்து வாழும் சாதுவான மீன். யாரையும் துரத்திக் குத்தாது. முட்கள் எல்லாம் தற்காப்புக்காக மட்டுமே. குத்து வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மீனை வலையிலிருந்து எடுக்கும்போதோ, தூண்டிலிலிருந்து கழற்றும்போதோ, சமையலறையில் கழுவும்போதோ கையைத் தவறான இடத்தில் வைத்தவர்கள்தான். அதனால் ஓராவை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதும் பாதுகாப்பாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வதும் வேறு வேறு பாடங்கள் அல்ல. முள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். பக்கவாட்டில் தட்டையான, நீள்வட்டமான உடல். தொட்டால் வழுவழுவென்று இருக்கும். செதில் இருக்கிறது, ஆனால் மிகவும் பொடியானது. தோலோடு ஒட்டிக் கிடப்பதால் செதிலே இல்லாத மீன் என்றுதான் முதலில் தோன்றும். வாய் சின்னது. முகத்தின் நுனியில், தடித்த உதட்டோடு, எதையோ மெல்லக் கொறிப்பதுபோல இருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் வெட்டுப்பற்கள் ஒரே வரிசையில் நெருக்கமாக நிற்கும். வேறு மீனை விரட்டிப் பிடித்து விழுங்குகிற வாய் அல்ல, பாசியை நறுக்குகிற வாய் இது.

அடுத்து முட்கள். முதுகுத் துடுப்பில் 13 முட்கள், அவற்றுக்குப் பின்னால் 10 மெல்லிய கதிர்கள். குதத்துக்குப் பின்னே அடிவயிற்றோரம் ஓடும் துடுப்பில் 7 முட்களும் 9 கதிர்களும். உலகின் எந்தக் கடலில் பிடித்த ஓராவாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. சிகானஸ் என்ற பேரினத்தில் சுமார் 30 இனங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் இதே கணக்குத்தான்.

இதைவிட உறுதியான அடையாளம் வயிற்றுத் துடுப்பில் இருக்கிறது. முள்துடுப்புள்ள மற்ற மீன்களுக்குச் சாதாரணமாக வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பில் மட்டும் ஒரு முள் இருக்கும். ஓராவுக்கு முன்விளிம்பில் ஒன்று, உடலை ஒட்டிய உள்விளிம்பில் இன்னொன்று. நடுவில் 3 மெல்லிய கதிர்கள். வேறு எந்த மீன் குடும்பத்துக்கும் இப்படி ஓர் அமைப்பு கிடையாது. கையில் இருப்பது ஓராவா இல்லையா என்று சந்தேகம் வந்தால், ஒரு குச்சியால் இந்தத் துடுப்பை விரித்துப் பார்த்தால் போதும். விரலால் விரிக்க வேண்டாம்!

முதுகில் 13, பின்னால் 7, வயிற்றில் பக்கத்துக்கு இரண்டாக 4. ஆக 24. இந்தக் கணக்கில் சேராத இன்னொன்றும் உண்டு. முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தலையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி முள். பாதி தோலுக்குள் புதைந்து கிடப்பதால் கண்ணுக்குச் சட்டென்று படாது. தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தால் எந்த மீனும் அடங்கிவிடும் என்று நம்பிக் கை வைக்கிறவர்களை இது ஏமாற்றிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பி ஓராவை அடையாளம் சொல்ல வேண்டாம். பகலில் நீந்தும்போது ஒரு நிறம், பயந்தால் உடனே திட்டுத்திட்டாக ஒரு நிறம், இரவில் புல்லுக்குள் படுத்திருக்கும்போது இன்னொரு நிறம், செத்துப் பனிக்கட்டியில் கிடக்கும்போது மங்கிப்போன நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் நம் பக்கத்துக் கடலில் கிடைக்கும் சில இனங்களைப் பொதுவாகப் பிரித்துச் சொல்லலாம். சிகானஸ் கனாலிகுலேட்டஸ் என்பதுதான் வளைகுடா நாடுகளின் சாஃபி. பச்சை கலந்த சாம்பல் அல்லது பழுப்பு உடம்பில் முத்துப்போன்ற சின்ன வெண்புள்ளிகள் நிறைய இருக்கும். பல மீன்களில் செவுளுக்கு மேலே தோள்பட்டைப் பகுதியில் ஒரு கருந்திட்டும் தெரியும். இது கடற்புல் வெளிகளில் கூட்டமாக மேயும் மீன், சற்றுக் கலங்கிய நீரிலும் இருக்கும். சிகானஸ் ஜாவஸ் அளவில் பெரியது. மேல்பாதி உடம்பில் வெண்புள்ளிகள், கீழ்ப்பாதியில் அலையலையாக மெல்லிய வெளிர் கோடுகள். புள்ளிகள் கோடுகளாக மாறும் அந்த இடத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். சிகானஸ் லீனியேட்டஸில் நீலம் கலந்த வெள்ளி உடம்பில் பொன்னிறக் கோடுகள் ஓடும், முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். மீன்தொட்டிக்காரர்கள் விரும்பும் ஃபாக்ஸ்ஃபேஸ், அதாவது பளிச்சென்ற மஞ்சள் உடம்பும் கறுப்பு வெள்ளை முகமும் கொண்ட சிகானஸ் வல்பினஸ், மேற்குப் பசிபிக் கடலைச் சேர்ந்தது. பார்க்கச் சொந்தமே இல்லாததுபோல இருந்தாலும் அதுவும் ஓராக் குடும்பம்தான், அதே 24 முட்களோடு.

பாசி மேயும் வேறு இரண்டு கூட்டங்களோடு ஓராவைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. கிளிமீனுக்குச் செதில் பெரியது, பற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அலகாக இருக்கும், விஷ முள் கிடையாது. சர்ஜன் மீன் உருவத்தில் ஓராவுக்கு ரொம்பவும் நெருக்கமானது. ஆனால் அதன் ஆயுதம் வாலில். வால் தொடங்கும் குறுகலான இடத்தில் இரண்டு பக்கமும் கத்திபோன்ற ஒரு தகடு இருக்கும். ஓராவின் வாலடி சுத்தமாக, எதுவும் இல்லாமல் இருக்கும். பிடிக்கும் முறையைப் பின்னால் சொல்லும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

இந்த மீன் ஏன் முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முள்ளைப் பற்றி மட்டும் பேசினால் ஓராவுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பவளப் பாறையில் இடத்துக்கான போட்டி ஓயாது. பவளம் மெதுவாக வளரும், பாசி வேகமாக வளரும். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்துப்போனால், 2016-இல் மன்னார் வளைகுடாவிலும் அப்படி நடந்தது, அந்த வெற்றுப் பாறையில் முதலில் குடியேறுவது பாசிதான். பாசி அடர்ந்த பாறையில் பவளத்தின் குஞ்சுகள் ஒட்டி வளர இடம் கிடைக்காது. மேய்கிற மீன்கள் பாசியைக் கத்தரித்துக்கொண்டே இருந்தால்தான் பவளத்துக்கு மறுபடி வாய்ப்பு. கிளிமீன் பாறையின் மேல்பரப்பைச் சுரண்டும். ஓரா வளர்ந்து நிற்கும் பாசியை நறுக்கும். மூக்கு நீண்ட ஓரா இனங்கள் மற்ற மீன்களுக்கு எட்டாத இடுக்குகளுக்குள்ளும் முகத்தை விட்டு மேயும்.

இப்படி இடுக்குக்குள் தலையை விட்டால் பின்னால் வரும் எதிரி கண்ணில் படாது. பாறையில் வாழும் சில ஓரா இனங்கள் ஜோடியாகத் திரிவதற்கு இதோடு தொடர்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் இந்த ஜோடிகளைக் கவனித்த ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஒரு மீன் தலை குனிந்து மேயும்போது அதன் துணை நீரில் சற்று மேலே நின்று சுற்றிலும் பார்த்துக் காவல் காக்கிறது. பிறகு இரண்டும் முறை மாற்றிக்கொள்கின்றன. மீன்களுக்கு இவ்வளவு ஒத்துழைப்பு வராது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். ஓராவைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அதே வாய் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தது. செங்கடலைச் சேர்ந்த இரண்டு ஓரா இனங்கள் அந்த வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போயின. முதல் இனம் அங்கே தென்பட்டது 1920-களில், இரண்டாவது 1950-களில். அங்கே பாசியை இவ்வளவு தீவிரமாக மேயும் மீன்கள் குறைவு. விளைவாக, துருக்கி போன்ற கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் கரையோரப் பாறைகள் பல இடங்களில் பாசிக் காடு அழிந்து மொட்டையாகக் கிடக்கின்றன. நம் கடலில் பவளத்தைக் காப்பாற்றும் அதே வேலை அங்கே சேதமாகிவிட்டது.

சரி, முள்ளுக்குள் என்ன இருக்கிறது? பாம்பின் பல்போல உள்ளே துளை கிடையாது. ஒவ்வொரு முள்ளின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் ஓடும், அந்தப் பள்ளத்தில் விஷச் சுரப்பி படிந்திருக்கும், அதன்மேல் மெல்லிய தோல் உறை. முள் நம் தோலுக்குள் இறங்கும்போது உறை கிழிந்து விஷம் காயத்துக்குள் கலக்கிறது. அதனால்தான் மேலோட்டமான கீறலைவிட ஆழமான குத்து அதிகமாகக் கடுக்கிறது. உயிருக்கே ஆபத்தான கல்மீனின் விஷப் புரதத்துக்கு உறவுக்காரப் புரதம்தான் இதிலும் இருக்கிறது, ஆனால் ஓராவின் குத்து ஆரோக்கியமான ஒருவரின் உயிரை எடுக்கும் அளவுக்குப் போவதில்லை. குத்திய உடனே கடுப்பு தொடங்கி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். சிலருக்குச் சீக்கிரம் தணிந்துவிடும், சிலருக்கு மணிக்கணக்கில் விண் விண்ணென்று தெறிக்கும். வீக்கமும் சிவப்பும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். மீன் செத்துவிட்டால் முள்ளும் செத்துவிடாது. சந்தையில் கிடக்கும் ஓராவும், பனிப்பெட்டியிலிருந்து எடுத்து உருகவைத்த ஓராவும் குத்தும், கடுக்கவும் செய்யும். அடுத்தது, விஷம் முள்ளை ஒட்டித்தான் இருக்கிறது, சதையில் கிடையாது. சூட்டில் சிதைந்துபோகும் புரதம் என்பதால், சமைத்த மீனில் அதைப் பற்றிய கவலையே வேண்டாம்.

இனி கையாளும் முறை. உயிரோடு இருக்கும் ஓராவை வெறும் கையால் பிடிக்காதீர்கள், எவ்வளவு சின்ன மீனாக இருந்தாலும் சரி. பிடிபட்ட மீன் எல்லா முட்களையும் விறைப்பாக விரித்து உடம்பை முறுக்கும். மேலே, கீழே, வயிற்றில் என்று எல்லாப் பக்கமும் முள் என்பதால், கையால் சுற்றிப் பிடிக்கப் பாதுகாப்பான இடமே இல்லை. மெல்லிய கையுறைகள் எந்தப் பயனும் தராது. கனமான ரப்பர் கையுறை ஓரளவு உதவும், ஆனால் அதையும் முள் துளைக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

தூண்டிலில் ஓரா மாட்டுவது பெரும்பாலும் மாவு உருண்டை, ரொட்டி, பாசி இரைகளுக்குத்தான். சின்ன வாய், சின்னத் தூண்டில் முள் என்பதால் அதைக் கழற்றுவதற்குள் பொறுமை போய்விடும், அங்கேதான் விரல் தவறுகிறது. கயிற்றைப் பிடித்தபடி மீனை ஒரு ஈரத் துணியின்மேல் கிடத்துங்கள். வாய்ப் பக்கத்தை, அதாவது கீழ் உதட்டை, ஒரு குறடால் அல்லது மீன் பிடிக்கும் கவ்வியால் பிடித்துக்கொண்டு, மூக்கு நீண்ட இன்னொரு குறடால் தூண்டில் முள்ளைத் திருகி எடுங்கள். மீனைத் திரும்பக் கடலில் விடப்போகிறீர்கள் என்றால் அதைத் தொடவே தேவையில்லை. தூண்டில் முள் ஆழமாக இறங்கியிருந்தால் தூண்டில் கயிற்றை அறுத்துவிடுவது மீனுக்கும் உங்களுக்கும் நல்லது.

வலையில் சிக்கிய ஓரா இன்னும் சிரமம், ஏனென்றால் விரித்த முட்கள் கண்ணிகளுக்குள் புகுந்துகொள்ளும். வலையை இழுத்து உலுக்காதீர்கள். வைத்துக்கொள்ளப்போகும் மீன் என்றால் கட்டிங் பிளேயரால் முட்களை அடியோடு வெட்டிவிட்டுப் பிறகு மீனை எடுப்பதே சிறந்த வழி. மீன் வாளியில் துழாவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கலந்து கிடக்கும் மீன்களுக்கு அடியில் ஓர் ஓரா இருந்தால் போதும். வாளியைத் தட்டில் கவிழ்த்து, கண்ணால் பார்த்துப் பிரித்தெடுங்கள்.

சமையலறைக்கு வருவோம். மீன்காரரிடமே முட்களை வெட்டித் தரச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முழு மீனாக வந்திருந்தால், கழுவுவதற்கு முன்பே முள்ளை எடுங்கள், கழுவிய பிறகு அல்ல. வழுவழுப்பான மீன் தண்ணீரில் நழுவும்போதுதான் கை தானாக இறுக்கும். மீனைப் பலகையில் கிடத்தி, வாலடியை மடித்த துணியால் அழுத்திக்கொள்ளுங்கள். ஓராவில் முள் இல்லாத இடம் அதுதான், ஆனால் முதலில் சொன்னபடி இது சர்ஜன் மீன் அல்ல என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கனமான கத்தரிக்கோலால் வால் பக்கமிருந்து தலைப் பக்கமாக முதுகு முட்களை வெட்டிக்கொண்டே வாருங்கள். முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் இந்தத் திசையில் கத்தரிக்கோல் எளிதாக அடியில் நுழையும். தலைப் பக்கம் வந்ததும் அந்த முன்னோக்கிய குட்டி முள்ளையும் மறக்காதீர்கள். திருப்பிப் போட்டு அடிப்பக்க 7 முட்கள், கடைசியாக வயிற்றுத் துடுப்புகள் இரண்டையும் முழுதாக நறுக்குங்கள். அரிவாள்மனையில் வேலை செய்கிறவர்கள் மீனை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருப்பதால், முள்ளைக் கத்தரித்த பிறகே அரிவாள்மனைக்குக் கொண்டு போவது நல்லது.

குடலைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். பாசி தின்னும் மீன் என்பதால் குடல் நீளமாகச் சுருண்டிருக்கும். உள்ளே பாதி செரித்த பாசி இருக்கும். நேரமானால் அதன் வாடை சதைக்கு ஏறிவிடும். ஓரா வாடையடிக்கும் மீன் என்று குறை சொல்கிறவர்கள் பலர் தாமதமாகச் சுத்தம் செய்த மீனைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். குடலைக் கிழிக்காமல் முழுதாக எடுத்தால் வெள்ளைச் சதை, நல்ல ருசி. வெட்டிய முட்களைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். தடித்த காகிதத்தில் சுருட்டியோ பழைய டப்பாவில் மூடியோ போட்டால், குப்பை அள்ளுகிறவரின் கை தப்பும்.

மீன்தொட்டியில் ஓரா வளர்க்கிறவர்கள் சுத்தம் செய்யும்போது மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கையை மெதுவாக விடுங்கள். அது பயந்து மூலையில் ஒதுங்கும்போதுதான் முட்களை விரிக்கும். இடம் மாற்ற வலையைப் பயன்படுத்தாமல், தண்ணீரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஏந்துங்கள். வலையில் முள் சிக்கினால் மீனுக்கும் காயம், எடுக்கிறவருக்கும் குத்து. இரவில் விளக்குப் போட்டதும் மீன் திட்டுத்திட்டாக வெளிறிக் கிடந்தால் நோய் என்று பதறாதீர்கள், அது அதன் தூக்க நிறம்.

கடலில் நீந்தும்போது ஓராவைப் பார்த்தால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், போதும். அது விலகிப்போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீனைத் தொடுவதையோ பிடிப்பதையோ நினைக்கவே கூடாது.

இவ்வளவு கவனித்தும் குத்திவிட்டால், முதலில் தண்ணீரை விட்டு வெளியே வந்து உட்காருங்கள். கண்ணுக்குத் தெரியும் முள் துண்டைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள். மோதிரம் போட்ட விரல் என்றால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். பிறகு வெந்நீர். குத்திய இடம் முழுதும் மூழ்கும்படி, பொறுக்கக்கூடிய சூட்டில் 30 முதல் 90 நிமிடம்வரை வைத்திருக்க வேண்டும். ஆறினால் கையை வெளியே எடுத்துவிட்டு வெந்நீர் சேர்த்துக் கலக்கி, சூட்டைப் பார்த்துவிட்டு மறுபடி வையுங்கள். சூடு 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. குத்துப்பட்ட கையால் சூட்டைச் சோதிக்காதீர்கள். வலியில் அந்தக் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். மற்றக் கையாலோ, பக்கத்தில் இருப்பவர் கையாலோ பாருங்கள். பெரும்பாலும் வெந்நீரில் வைத்தவுடனேயே கடுப்பு குறையத் தொடங்கும். காயத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மேலே இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

வலி தணிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி போட்டு வெகு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால், மூட்டில் குத்தியிருந்தால், அடுத்த நாளும் வீக்கமும் சிவப்பும் பரவினால், காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடல்நீரில் பட்ட காயத்தில் வரும் கிருமித் தொற்று வேகமாக முற்றும் என்பதால், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போவது நல்லது. மூச்சுத் திணறல், முகம் அல்லது உதடு வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அது கடுமையான ஒவ்வாமையாக இருக்கலாம். வெந்நீருக்கு நேரம் செலவழிக்காமல் உடனே தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு அழையுங்கள். மருத்துவரிடம் 'மீன் முள் குத்தியது' என்று மட்டும் சொல்லாமல் 'ஓரா முள், விஷமுள்ளது, கடலில் குத்தியது' என்று சொல்லுங்கள். முடிந்தால் மீனின் படத்தைக் கைபேசியில் காட்டுங்கள்.